சரவணை வீட்டு மீன்தொட்டி

சரவணையில் சிவபாதத்தாரின் வீட்டுக்கு யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. நாலு பக்கமும் பனையும் புல் கருகிய வெளியும். நடுவே இரண்டு மாடி, நீலக் கண்ணாடி யன்னல்கள், வாசலில் இரண்டு சீமெந்துச் சிங்கங்கள். முப்பது வருடம் சுவிஸ் குளிரில் கோப்பை கழுவிய ஒரு மனிதர், தன்னைப் பார்த்து ஊர் வாய்பிளக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக் கட்டினால் வீடு அப்படித்தான் வரும்.

றஜீபன் மோட்டார் சைக்கிளை ஒரு சிங்கத்தோடு சாய்த்து நிறுத்தினான். நேரம் பதினொன்றரை இருக்கும். வரும் வழியில் சந்தித் தாங்கியடியில் இருபது முப்பது சனம் தண்ணீர்க் கான்களோடு வெயிலில் நின்றது. தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி இன்னும் வரவில்லை. இந்தப் பக்கம் கிணறு வெட்டினால் உவர்தான் ஊறும். வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் பவுசரில் வந்தால்தான் உண்டு. அப்படியொரு ஊரில் சிவபாதத்தார் ஹோலுக்குள் ஆறடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, நல்லதண்ணீர் நிரப்பி, பன்னிரண்டு தங்கமீன் விட்டிருந்தார். குழம்புக்கும் உதவாத மீன். ஊர்காவற்றுறையில் கடற்தொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்த றஜீபனுக்கு அவற்றைக் கண்டாலே சிரிப்பு வரும். அந்தத் தொட்டிக்கு மோட்டர் பூட்டி, மேல்மாடித் தாங்கியிலிருந்து பைப் இழுத்தவனும் அவன்தான். நாலு மாதத்துக்கு முன்னால், சிரித்துக்கொண்டே பூட்டினான்.

அவன் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறவன். பெரிய வீடு கட்டினவனைப் பார்த்தும் சிரிப்பான், கானோடு வரிசையில் நிற்கிறவனைப் பார்த்தும் சிரிப்பான். ஊரில் எல்லாரும் முட்டாள்கள், தான் ஒருத்தன்தான் தப்பிப் பிறந்தவன் என்று நினைக்கிற ஆட்கள் எங்கேயும் இருக்கிறார்கள்தானே, அதில் இவன் ஒருத்தன்.

காலையில் சிவபாதத்தார் கொழும்பிலிருந்து போன் எடுத்திருந்தார்.

"தம்பி, தொட்டித் தண்ணி ஒவ்வொரு நாளும் குறையுது. எங்கையோ லீக். நாளையிண்டைக்கு அக்கான்ர அந்தியேட்டி. வெளிநாட்டுச் சனமும் வருது. ஹோலுக்கை அரைத் தொட்டியோட கிடந்தா என்ன நினைப்பினம்? உடனை போய்ப் பாரும்."

தமக்கை செத்து இருபத்தொன்பது நாள், முப்பத்தோராம் நாள் சடங்குக்கு இன்னும் இரண்டு நாள். மனிதருக்குத் தொட்டி குறைகிற கவலை. றஜீபன் போனை வைத்துவிட்டு அதற்கும் சிரித்தான்.

கதவைத் திறந்தவள் அனோஜினி, செத்துப்போன மனோகரியின் ஒரே மகள். இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்து, சட்டை தோளில் தொங்கியது.

"மாமா சொன்னவர். வாங்கோ அண்ணை."

ஹோலுக்குள் சாம்பிராணி மணத்தது. அதற்குக் கீழே மருந்து மணம், அதற்கும் கீழே பாசி பிடித்த கண்ணாடியின் ஈர மணம். இடது சுவரோடு தொட்டி. எதிரே, கட்டில் கிடந்த இடத்தில் இப்போது ஒரு சின்ன முக்காலி, அதன்மேல் குத்துவிளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும். செத்தவர்களுக்குத் தாகம் எடுக்கும் என்று முப்பத்தோராம் நாள் வரை வைக்கிற தண்ணீர்.

மனோகரிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த மனுசியின் கட்டிலைச் சிவபாதத்தார் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டார். மீனைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் பொழுது போகுமாம். இரவும் பகலும் தண்ணீர் குமிழி விட்டுக் கொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வறண்ட நாக்கோடு அவள் மூன்று மாதம் கிடந்தாள். அறிவு கெட்ட அன்பு என்று ஒன்று உண்டு. சிவபாதத்தாரிடம் அது தாராளமாக இருந்தது.

றஜீபன் தொட்டியின் கீழ்ப்பெட்டியைத் திறந்து உள்ளே தலையை விட்டான். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பொருத்து ஒவ்வொன்றையும் மெல்லிய கடதாசியால் துடைத்துப் பார்த்தான். பூட்டு, வளைவு, வால்வு, கம் பூசி ஒட்டிய இடங்கள் எல்லாம். கடதாசி ஓரிடத்திலும் நனையவில்லை. தரை ஓடு காய்ந்து கிடந்தது.

"எவ்வளவு குறையுது?"

"ஒரு செம்பு."

"என்ன?"

"அளந்து பாத்தனான் அண்ணை. ஒவ்வொரு நாளும் மத்தியானம் குறையும். கான் தண்ணியால திருப்பி நிரப்பேக்கை சரியா ஒரு செம்பு கொள்ளும். கூடவுமில்லை, குறையவுமில்லை."

"லீக் மணி பாத்து வராது தங்கச்சி. வெக்கைக்கு வத்தும்."

"அப்ப இது ஏன் வத்தேல்லை?" அவள் முக்காலியைக் காட்டினாள். "நாலு நாளா இந்தத் தண்ணியை மாத்தாமல் வைச்சுப் பாக்கிறன். தளும்பத் தளும்ப வைச்சது அப்பிடியே நிக்குது."

றஜீபன் திரும்பிப் பார்த்தான். செம்பின் விளிம்போடு விளிம்பாகத் தண்ணீர் நின்றது. நாலு நாள் வெயிலுக்கு அது ஒரு விரலாவது இறங்கியிருக்க வேண்டும்.

அவள் சுவரோடு சாய்ந்து நின்று, அவன் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். சொல்ல வேறு ஆள் இல்லாத பிள்ளை.

"அம்மா சாகிற அண்டைக்குத் தண்ணி கேட்டவ. இனிக் குடுத்தால் என்ன, குடுக்காட்டி என்ன எண்ட கட்டம். குடிக்கிற கான் வெறுமையாக் கிடந்தது. முதல்நாள்தான் மாமா தொட்டித் தண்ணியை மாத்தினவர், பவுசரும் வரேல்லை. நான் ஓடிப்போய்க் குசினிப் பைப்பில ஒரு தம்ளர் பிடிச்சு வந்து வாயில வைச்சன். ஒரு மிடறு வாங்கினா. வாங்கிப்போட்டு..."

அவள் கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"துப்பிப்போட்டா அண்ணை. என்னைப் பாத்தா. அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டன். பிறகு முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பினவதான், அப்பிடியே போயிட்டா. ரெண்டு வருசம் கேக்கக் கேக்க இல்லையெண்டு சொன்ன கைதானே. அந்தக் கையால வேண்டாமெண்டு துப்பிப்போட்டா."

"வருத்தக்காறர் துப்புறதுதான்."

"நாளையிண்டைக்கு அந்தியேட்டி. அதோட அம்மா போயிடுவா. என்னில கோவத்தோட போறாவோ, இல்லையோ எண்டது மட்டும் எனக்குத் தெரிஞ்சாப் போதும். வேற ஒண்டும் வேண்டாம்."

தண்ணீர் துப்பினதுக்கு ஒரு மாதம் சாப்பிடாமல் அழுகிற சனம் என்று றஜீபன் மனதுக்குள் நினைத்தான். வெளியே, "ஒரு வாளி கொண்டு வாரும். கொஞ்சம் தண்ணி இறக்கிப் பாப்பம்," என்றான்.

அவள் பின்பக்கம் போனாள்.

அவன் மோட்டரை நிறுத்தினான்.

நாலு மாதமாக நிற்காமல் கேட்ட சத்தம் ஒரேயடியாக நின்றதும் வீடு முழுவதும் வேறு வீடாகிப்போனது. வெளியே ஒரு காகமும் கத்தவில்லை. உச்சி வெயில் நீலக் கண்ணாடி வழியாக உள்ளே வந்து, ஹோலெல்லாம் கடலுக்கு அடி போலக் கிடந்தது. தண்ணீர் நிற்கிற மட்டத்தில் கண்ணாடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். பிறகு மெல்லிய குழாயின் ஒரு நுனியைத் தொட்டிக்குள் அமிழ்த்தி, மறுநுனியை வாயில் வைத்தான். தண்ணீர் இறக்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். ஒரு முறை உறிஞ்சினால் தண்ணீர் ஏறும், பிறகு தானாக இறங்கும்.

உறிஞ்சினான். தண்ணீர் வரவில்லை.

இன்னும் பலமாக உறிஞ்சினான்.

மறுநுனியிலிருந்து யாரோ உறிஞ்சினார்கள்.

உதடு குழாயோடு ஒட்டிக்கொண்டது. கன்னம் இரண்டும் உள்ளே போய்ப் பல்லோடு ஒட்டின. நெஞ்சுக்குள் இருந்த மூச்சு கயிறு போல வெளியே இழுபட்டது. குழாயைப் பிடுங்கக் கை தூக்கப் பார்த்தான். கை எழும்பவில்லை.

கண் மட்டும் திறந்திருந்தது. குழாயின் மறுநுனி தொட்டியின் நடுவில், தெளிந்த தண்ணீரில் ஆடாமல் நின்றது. அதன் பக்கத்தில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு மீனும் தூர மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்திருந்தன.

கண்ணாடியின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் ஆவி படிந்தது. மறைந்தது. திரும்பப் படிந்தது.

கட்டிலில் சரிந்து படுத்திருக்கிற ஒருவரின் வாய் வருகிற உயரம். அங்கிருந்து விழுங்குகிற சத்தம் கேட்டது.

மடக்கு.

தண்ணீர் பென்சில் கோட்டை விட்டு இறங்கியது.

மடக்கு. மடக்கு.

அவன் பார்த்துக்கொண்டிருக்க, கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விழுந்தது. பிறகு இரண்டு நூல். அவசரமே இல்லாமல், வெகுநாள் தாகத்துக்குக் குடிக்கிற மாதிரி.

குழாய் அவனை விட்டது. விட்ட வேகத்தில் அதற்குள்ளிருந்து ஒரு வாய்த் தண்ணீர் அவன் தொண்டைக்குள் வந்து விழுந்தது.

உவர்.

நாக்கு சுருண்டது. தரையில் துப்பினான். துப்பின பிறகுதான், வாளியோடு வாசலில் நிற்கிற அனோஜினியைக் கண்டான். அவள் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. துப்பின தண்ணீரையே பார்த்தாள்.

"அம்மாவும் இப்பிடித்தான்," என்றாள் மெல்ல.

அவன் தொட்டிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தான். நல்லதண்ணீர். சுத்தமான பவுசர் தண்ணீர். அப்படியென்றால் வாய்க்குள் வந்த உவர் எங்கேயிருந்து வந்தது? குசினிக்குப் போய்ப் பைப்பைத் திறந்து, கையில் ஏந்தி ஒரு மிடறு குடித்தான்.

அதே உவர்.

"நீர் இந்தத் தண்ணியைக் குடிச்சுப் பாக்கிறேல்லையோ?"

"குடிக்கவும் சமைக்கவும் கான் தண்ணிதானே அண்ணை. பைப் தண்ணி பாத்திரம் கழுவ மட்டும்தான். அம்மாவின்ர செம்புக்கும் இதிலதான் பிடிக்கிறனான். செத்தவைக்கு வைக்கிறதை நாங்கள் வாயில வைச்சுப் பாக்கக்கூடாது." அவள் அவனை உற்றுப் பார்த்தாள். "ஏன், நல்லதண்ணிப் பைப்தானே இது?"

"ஓம்," என்றான். "மேல ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

மொட்டைமாடியில் வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. இரண்டு தாங்கிகள் நின்றன. ஒன்று பவுசர் தண்ணீருக்கு, மற்றது கிணற்று உவருக்கு. அவன் நல்லதண்ணீர்த் தாங்கியின் மூடியைத் தூக்கிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. என்ன செய்தோம் என்று படியேறும்போதே ஞாபகம் வந்துவிட்டது.

மீனுக்குத் தண்ணீர் ஒருநாளும் நிற்கக் கூடாது என்று சிவபாதத்தார் சொன்னார். அதனால் மீன்தொட்டிக்குப் போகிற பைப்பைத் தாங்கியின் அடியில் பூட்டினான். குசினிக்குப் போகிற பைப்பை ஒரு முழம் மேலே பூட்டினான். தண்ணீர் குறைந்தால் முதலில் வறள்வது குசினிதான். குசினி வறண்டால் போன் வரும், திரும்ப வரவேண்டும். அந்தக் கரைச்சல் எதற்கென்று, யாருக்கும் சொல்லாமல் உவர்த் தாங்கியிலிருந்து குசினிப் பைப்புக்கு ஒரு பைப் துண்டை இணைத்துவிட்டான். நல்லதண்ணீர் இறங்கினால் உவர் தானாக வரும். பைப்பில் தண்ணீர் வந்தால் சரி, என்ன தண்ணீர் என்று எந்த மடையன் பார்க்கப் போகிறான்? அன்றைக்கு இதையும் சிரித்துக்கொண்டேதான் செய்தான்.

கடைசி மிடறு நல்லதண்ணீர் மீனுக்குப் போனது. சாகிற மனுசியின் வாய்க்கு உவர் போனது. பவுசர் ஒழுங்காக வராத இருபத்தொன்பது நாளாகச் செம்பிலும் உவர்.

கீழே படியடியில் நின்று அனோஜினி கூப்பிட்டாள். "என்ன பிழை அண்ணை?"

சொல்லியிருக்கலாம். உன் அம்மா உன்னை வெறுத்துத் துப்பவில்லை, நான் கொடுத்த உவரைத்தான் துப்பினாள் என்று ஒரு வரி. அந்தப் பிள்ளை அன்று இரவு சோறு தின்றிருக்கும். ஆனால் றஜீபன் வேறு கணக்குப் பார்த்தான். இவள் மாமனுக்குச் சொல்வாள், மாமன் ஊருக்குச் சொல்வார், நாளைக்குத் தீவு முழுக்கக் கதை போகும். நாலு பேர் இவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஊரைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்கு அது மட்டும் ஏலாது.

"ஒண்டுமில்லை," என்று கத்தினான். "மோட்டரில ஒரு பூட்டு இளகிக் கிடக்கு. நான் பாக்கிறன்."

இணைப்புத் துண்டை வாளால் அறுத்து, இரண்டு வாயையும் அடைத்து, கம் பூசினான். பத்து நிமிட வேலை. அறுத்த துண்டைப் பைக்குள் ஒளித்தான். கீழே வந்து, இளகாத பூட்டை இறுக்குவது போல ஒரு தரம் இறுக்கிக் காட்டி, மோட்டரைத் திரும்ப ஓடவிட்டான். கண்ணாடிப் பக்கம் பார்க்கவில்லை.

"இனிக் குறையாது," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். ஊர்காவற்றுறை வீடு வரை மோட்டார் சைக்கிளின் பின்பாரம் ஒரு பக்கமாக இழுத்தது. காற்றுப் போய்விட்டது என்று நினைத்து இரண்டு தரம் நிறுத்திப் பார்த்தான். சில்லில் காற்று இருந்தது.

அன்று பின்னேரம் வீட்டில் தண்ணீர் குடித்தபோது உவர்த்தது. தேத்தண்ணீர் உவர்த்தது. மனைவி அன்ரனிட்டா அதே கானில் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, உங்கட வாய்க்குத்தான் ஏதோ," என்றாள். கடையில் ஒரு சோடா வாங்கித் திறந்து வாயில் வைத்தான். அதையும் துப்பினான். விடிய எழும்பும்போது உதடு வெடித்திருந்தது.

மறுநாள் மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. அனோஜினி.

"அண்ணை, இண்டைக்குத் தொட்டி குறையேல்லை."

"நான் சொன்னனான்தானே," என்றான். நாக்கு ஒட்டி, சொல் வழுக்கி வந்தது. "பூட்டு இளகினதுதான்."



"இல்லை அண்ணை. அம்மா போயிட்டா. நேற்று நீங்கள் வெளிக்கிட்டதில இருந்து வீட்டுக்கை ஆள் இல்லாத மாதிரிக் கிடக்கு. நாளை வரைக்கும்கூட நிக்க விருப்பமில்லைப் போல." அவள் அழுதாள். "என்ர கையால ஒரு மிடறு குடியாமல் போயிட்டா. கோவம்தான், என்ன அண்ணை? கோவம்தானே?"

அவள் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவளுடைய மூச்சு அவன் காதுக்குள் கேட்டது. சொல்ல இன்னொரு தருணம் இவ்வளவு சுலபமாக எவனுக்கும் வாய்க்காது.

"ஒண்டையும் யோசியாதையும் தங்கச்சி," என்று சொல்லி, றஜீபன் போனைத் துண்டித்தான்.

முன்பக்கமிருந்து அன்ரனிட்டா வந்தாள். கையில் ஒரு தம்ளர் தண்ணீர்.

"உங்களைத் தேடி ஒரு அக்கா வந்திருக்கிறா. சரவணையாம். வெயிலுக்கை வந்த மனுசியெண்டு தண்ணி குடுத்தனான், வேண்டாமெண்டிட்டா. நாக்கெல்லாம் காய்ஞ்சு கிடக்கு, பாக்கவே பாவம்."

"என்னவாம்?"

"உங்களிட்டை ஒண்டு கேக்கச் சொன்னவ. 'தம்பி என்ர பிள்ளையிட்டைச் சொல்லிப்போட்டாரோ?' எண்டு."

றஜீபன் அவளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். படலை திறந்து கிடந்தது. கோவில் மதில் வரை வெறும் வீதி, வெள்ளை வெயில். நாய்கூட இல்லை.

"ஒருத்தரும் இல்லை!" என்று கத்தினான். "ஆரும் இல்லையடி அங்கை!"

"வெளியில ஏன் தேடுறியள்?" அன்ரனிட்டாவின் குரல் வீட்டுக்குள்ளிருந்து சாதாரணமாக வந்தது. "வெக்கையெண்டு நான்தான் உள்ளை வந்து இருக்கச் சொன்னனான்."

அவன் திரும்பினான். சுவரோரத்துக் கதிரைக்கு முன்னால் அன்ரனிட்டா நின்றாள். கதிரையில் யாரும் இல்லை. அவள் குனிந்து, அந்த வெறும் கதிரையைப் பார்த்து, தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

"இருங்கோ அக்கா. போன் அவற்ற கையிலதான் கிடக்கு. இப்ப சொல்லுவார்."